காக்காவும் புறாவும் தவிர வேறெதுவும் வரவில்லையா? வேலூர் வீட்டுத் தோட்டத்துக்கான பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு சத்துவாச்சாரியில், மலையடிவாரத்தை ஒட்டி. பின்பக்கம் 20க்கு 15 அடி மண் தரை, அதில் ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை. தினமும் காலையில் மதில்மேல் சோறும் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீரும் வைக்கிறீர்கள். மாதக்கணக்கில் வைத்தும் காக்காவும் புறாவும்தான் வருகின்றன. வேறு என்ன தீனி போட்டால் சின்னப் பறவைகள் வரும், பைனாகுலர் வாங்க வேண்டுமா, மாட்டிவைத்த சிட்டுக்குருவிப் பெட்டி ஏன் காலியாகவே கிடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் நீங்கள் பார்த்த மூன்று பறவைகளின் அடையாளத்தைச் சொல்லி அவற்றின் பெயரும் கேட்டிருக்கிறீர்கள். எதுவும் வரவில்லை என்கிற அதே கேள்வியில் மூன்று பறவைகளை விவரிக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். பறவைகள் வருகின்றன. அவை தங்குவதில்லை, வந்தவை யாரென்று உங்களுக்குத் தெரிவதும் இல்லை. ஆகவே உங்களுக்கு வேண்டியது தீனியின் பெயர் அல்ல. வந்த பறவை தங்குவதற்கான ஏற்பாடும், தங்கியதை அடையாளம் காணும் பழக்கமும்தான்.

சோற்றிலிருந்து தொடங்கலாம். தானியமும் சோறும் தின்பவை காக்கா, மாடப்புறா, மைனா, சிட்டுக்குருவி, புள்ளிப்புறா, சில்லை ஆகியவைதான். தையல்சிட்டு, கதிர்க்குருவி, குண்டுகரிச்சான், கருஞ்சிட்டு, இரட்டைவால் குருவி, பஞ்சுருட்டான் இவையெல்லாம் பூச்சி தின்னிகள். தேன்சிட்டுக்குத் தேனும் சிலந்தியும் பூச்சியும் வேண்டும். கொண்டைக்குருவியும் குக்குறுவானும் குயிலும் பழத்துக்கு வருபவை. இவற்றில் பெரும்பாலானவை நீங்கள் மூட்டை மூட்டையாக அரிசி கொட்டினாலும் திரும்பிப் பார்க்காது. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. தினமும் ஒரே நேரத்தில் காக்கா கூடும் இடத்தில் சின்னப் பறவைகள் கூடு வைக்கத் தயங்கும். காக்கா முட்டையையும் குஞ்சையும் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பது அவற்றுக்குத் தெரியும். அதாவது நீங்கள் வைக்கும் சோறு சின்னப் பறவைகளை அழைக்கவில்லை என்பது மட்டுமல்ல, அவற்றை விரட்டுவதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

காக்காவுக்குச் சோறு வைப்பதை வழக்கமாகக் கொண்ட குடும்பமென்றால் அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இடத்தை மாற்றிவிடுங்கள். மொட்டைமாடியிலோ முன்பக்கக் கைப்பிடிச் சுவரிலோ, உப்பும் குழம்பும் கலக்காத ஒரு உருண்டை, பத்து நிமிடத்தில் காலியாகும் அளவு மட்டும் வையுங்கள். மிச்சம் கிடந்தால் ராத்திரி எலியும் பெருச்சாளியும் வரும். மாடப்புறாவுக்குத் தானியம் போடுவதை அடியோடு விட்டுவிடுங்கள். ஒன்று வந்தால் நாற்பது வரும், ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டும், அதன் காய்ந்த எச்சத் தூள் மூச்சில் கலந்தால் நுரையீரல் கெடும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இதில் யோசிக்கவே வேண்டாம். தானியம் போட்டே ஆகவேண்டும் என்று மனசு கேட்காவிட்டால், அரிசியை விட்டுவிட்டு ஒரு பிடி கம்போ தினையோ எடுத்து, குவிக்காமல் செடிகளுக்கு அடியில் மண்ணில் தூவுங்கள். சில்லையும் புள்ளிப்புறாவும் மண்ணைக் கிளறித் தேடித் தின்னும். குவியல் இல்லாத இடத்தில் மாடப்புறாவுக்கு ஈர்ப்பு குறைவு.

இனி தண்ணீர். நம் ஊர் வெயிலில் தோட்டத்துக்குப் பறவையை இழுப்பதில் இதற்கு ஈடு வேறொன்றும் இல்லை. பூச்சி தின்பது, பழம் தின்பது, தானியம் தின்பது எல்லாவற்றுக்கும் பொதுவான தேவை இது ஒன்றுதான். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற ஊரில் ஆழமில்லாத சுத்தமான தண்ணீர் என்பது பறவைக்கு அரிய பொருள். ஆனால் நீங்கள் வைத்திருக்கும் கிண்ணம் எல்லா வகையிலும் தவறு. எவர்சில்வர் பத்து மணிக்கே சுடும். உள்பக்கம் வழுக்கும். செங்குத்தான ஓரமும் நாலு அங்குல ஆழமும் சின்னப் பறவைக்குக் கிணறு மாதிரி. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு வாங்குங்கள், குறுக்களவு 14 முதல் 16 அங்குலம், மெருகு பூசாதது. ஓரத்தில் அரை அங்குலமும் நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமலும் தண்ணீர் நிற்க வேண்டும். தட்டு ஆழமாக இருந்தால் கூழாங்கல்லைப் பரப்பி மேடாக்கிக்கொள்ளலாம். நடுவில் தண்ணீருக்கு மேலே தலை தெரிகிற மாதிரி ஒரு சொரசொரப்பான கல் வையுங்கள், முதலில் வந்து உட்காரும் இடம் அதுதான். மண் தட்டு கசிந்து ஆவியாவதால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். அதே காரணத்தால் சித்திரை வைகாசியில் காலையில் நிரப்பியது மதியத்துக்குள் பாதியாகிவிடும், ஆகவே இரண்டு வேளை ஊற்ற வேண்டும்.

வைக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். புதருக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்கியிருந்து பாயும். வெட்டவெளியில் வைத்தால் வல்லூறுக்குப் பயந்து சின்னது எதுவும் இறங்காது. புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, பாதி நிழல் விழும் இடத்தில், இரண்டு செங்கல் உயரத்தில் தட்டை வையுங்கள். மேலே மூன்று நான்கு அடி உயரத்தில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பறவை நேராகத் தண்ணீரில் இறங்காது. கிளையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்து, இன்னும் தாழ்ந்த கிளைக்கு வந்து, அப்புறம்தான் தட்டுக்கு வரும். உங்கள் தோட்டத்தில் முருங்கையின் கிழக்குப் பக்கம் இதற்குத் தோது, மதிய வெயிலை மரமே மறைத்துவிடும். காக்கா பரோட்டாத் துண்டையும் எலும்பையும் கொண்டுவந்து இந்தத் தட்டில் ஊறவைக்கும், அதைத் தடுக்க முடியாது. மொட்டைமாடியில் அதற்கென்று ஆழமான சட்டி ஒன்று வைத்துவிட்டால் தொல்லை குறையும்.

கொசு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டெங்கு பார்க்க வரும் ஊழியர் கட்டாயம் கேட்பார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் தினமும் தண்ணீர் மாற்றினால் போதும் என்று நினைப்போம். அது பாதிதான் சரி. அந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் முட்டை சாகாது. கவிழ்த்துவிட்டு மறுபடி ஊற்றினால் முட்டைக்கு மறுபடி தண்ணீர் கிடைக்கும். ஆகவே தினமும் கொட்டுவதோடு, உள்சுவரைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம். இரண்டு தட்டு வாங்கி, ஒன்று வெளியே இருக்கும்போது மற்றதைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்த்துவைத்தால் பாசியும் கிருமியும் தங்காது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை வைக்காதீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த நிலத்தடி நீர் உள்ள தெருக்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நீங்கள் வாயில் வைக்கத் தயங்கும் தண்ணீர் பறவைக்கும் வேண்டாம்.

தட்டுக்கு மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழவைத்தால் வரும் பறவைகளின் வகையே மாறும். தண்ணீரின் சத்தமும் அசைவும் தூரத்தில் இருப்பதையும் இழுக்கும். கிண்ணத்தை எட்டிப் பார்க்காத நாணல் கதிர்க்குருவியும் ஈப்பிடிப்பானும் சொட்டும் தண்ணீருக்கு வரும். ஆஸ்பத்திரிகள் நிறைந்த நம் ஊரில் இதற்கான சாமான் தெருமுனை மருந்துக்கடையிலேயே கிடைக்கும். குளுக்கோஸ் ஏற்றும் குழாய் புதிதாக ஒன்று வாங்குங்கள், பழையது கூடாது. இரண்டு லிட்டர் பாட்டிலைத் தலைகீழாகக் கிளையில் கட்டி, மூடியில் துளையிட்டுக் குழாயைச் செருகி, இப்போது மேல்பக்கம் வந்திருக்கும் அடிப்பாகத்தில் காற்றுக்கு ஒரு ஊசித்துளை போடுங்கள். குழாயில் இருக்கும் உருளையைத் திருகி இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். இந்தக் குழாயில் சாதாரணமாக 20 சொட்டு ஒரு மில்லி. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 90 மில்லிதான் செலவாகும், பாட்டில் ஒரு பகலுக்குத் தாராளமாக வரும். வெயில் படும் குழாயில் இரண்டு மூன்று வாரத்தில் பாசி பிடித்து அடைக்கும், அப்போது மாற்றிவிட வேண்டும்.

செடி விஷயத்தில் உங்களிடம் இருக்கும் மூன்றுமே நல்ல தேர்வு. முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும், அதன் புழுவுக்கு மற்றவை வரும். கறிவேப்பிலைப் பழத்தைக் கொண்டைக்குருவியும் குயிலும் விடாது, ஆகவே பூங்கொத்தை ஒடித்துப் போடாமல் பழுக்க விடுங்கள். ஒற்றைச் செம்பருத்தி அடுக்குச் செம்பருத்தியைவிட நல்லது. இன்னும் ஒரு மரத்துக்கு இடம் இருந்தால் யோசிக்காமல் தேன்பழ மரம் வையுங்கள். சிங்கப்பூர் செர்ரி என்று நர்சரியில் கேட்டால் தருவார்கள். வேகமாக வளரும், ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பழம் இருக்கும், பூக்கொத்தியும் குக்குறுவானும் கொண்டைக்குருவியும் அதைச் சுற்றியே குடியிருக்கும். மதிலோரம் ஒரு எலுமிச்சை இருந்தால் அதன் முள் சின்னப் பறவைக்கு அடைக்கலம். உண்ணிச்செடியின் பழத்தைப் பறவை தின்கிறது என்று அதை மட்டும் நடாதீர்கள். விதை எச்சத்தோடு மலைக்குப் போய் அங்கிருக்கும் நாட்டுச் செடிகளை அமுக்கிவிடும். தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுவதும் வேண்டாத வேலை. நம் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்து எறும்பு மொய்த்துவிடும், பூ இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

ஆனால் செடியைவிட நான் வற்புறுத்திச் சொல்வது ஒரு பெருக்காத மூலை. தோட்டத்தின் ஒரு கோடியில் எட்டுக்கு நாலடி இடத்தை ஒதுக்கி, உதிர்ந்த சருகை மூன்று அங்குலக் கனத்துக்கு அப்படியே கிடக்க விடுங்கள். கொளுத்த வேண்டாம், மருந்து அடிக்க வேண்டாம், வாரம் ஒருமுறை லேசாக நனைத்தால் போதும். சருகுக்கு அடியில் கறையான், மரவட்டை, கரப்பான், வண்டு, புழு எல்லாம் சேரும். தவிட்டுக்குருவி ஒவ்வொரு இலையாகப் புரட்டித் தின்னும். குண்டுகரிச்சான் தாழ்ந்த கிளையிலிருந்து குதித்து எடுக்கும். செடிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டுப் பறவை வரவில்லை என்பவர்கள் கடைக்காரரே கடையை மூடிவிட்டு ஆள் வரவில்லை என்கிற கணக்கில் பேசுகிறார்கள். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். மலையடிவாரம் என்பதால் சருகில் பாம்பு வருமா என்ற பயம் நியாயமானது. மூலையை வீட்டு வாசற்படியிலிருந்து தள்ளி வையுங்கள், செங்கல், ஓடு, விறகு எதையும் அதில் அடுக்காதீர்கள், இருட்டில் கை வைக்காதீர்கள். பாம்பை இழுப்பது பெரும்பாலும் எலிதான், சிந்திய சோறும் தானியமும் இல்லாவிட்டால் எலி குறையும்.

இப்போது நீங்கள் பார்த்த மூன்று பறவைகள். முதலாவது, பழுப்பு நிறத்தில் ஏழெட்டு சேர்ந்து தரையில் குதித்துக்கொண்டு ஓயாமல் கத்துவது. அது தவிட்டுக்குருவி, சந்தேகமே இல்லை. அருகில் பார்த்தால் வெளிறிய தலையும் வெள்ளைக் கண்ணும் மஞ்சள் அலகும் தெரியும். எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்த்து அலறினால் எழுந்து போய்ப் பாருங்கள். பூனை, பாம்பு, வல்லூறு, புள்ளி ஆந்தை இவற்றில் ஏதோ ஒன்று அங்கே இருக்கும்.

இரண்டாவது, கட்டைவிரல் அளவு, மேலே மங்கல் பச்சை, கீழே மஞ்சள், செம்பருத்தியைக் குத்துகிறது, ஜன்னல் கண்ணாடியையும் கொத்துகிறது. தேன்சிட்டு என்பது நிச்சயம். எந்தத் தேன்சிட்டு என்பதை நீங்கள் சொன்ன அளவை வைத்து முடிவு செய்ய முடியாது. தொண்டையைப் பாருங்கள். தொண்டை வெளுத்து, மார்பு வயிறு மட்டும் மஞ்சளாக இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெண். தொண்டையிலிருந்தே மஞ்சள் என்றால் ஊதாத் தேன்சிட்டின் பெண். மஞ்சள் தொண்டையின் நடுவே கருநீலக் கோடு ஒன்று வயிறு நோக்கி இறங்கினால் அது ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலம் முடிந்து நிறம் மாறிய கோலம். இனப்பெருக்கக் காலத்தில் அதே ஆண் முழுக்கக் கருநீலமாகப் பளபளக்கும். ஊதாப்பிட்டின் ஆணோ வருஷம் முழுக்க ஒரே நிறம், முதுகு அரக்குச் சிவப்பு, வயிறு மஞ்சள். அலகு மிக நீளமாகவும் நன்றாக வளைந்தும் இருந்தால் லோட்டன் தேன்சிட்டாக இருக்கலாம். கண்ணாடியைக் கொத்துவது தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று நினைத்து. உள்பக்கம் திரை போட்டால் பிம்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். வெளிப்பக்கம் செய்தித்தாளை இரண்டு வாரம் ஒட்டிவையுங்கள், விட்டுவிடும். பைக் கண்ணாடிக்கு ஒரு துணிப்பை போதும்.

மூன்றாவது, அக்டோபரில் மழை பெய்த மறுநாள் மதிலோரம் தத்திக்கொண்டிருந்த, வால் இருக்கிறதா என்றே தெரியாத, வயிற்றடியில் சிவப்பும் உடம்பில் பல நிறமும் கொண்ட பறவை. அது ஏறக்குறைய உறுதியாக ஆறுமணிக்குருவி. மீன்கொத்தியோ என்று கேட்டிருக்கிறீர்கள். வெண்மார்பு மீன்கொத்திக்குப் பெரிய சிவப்பு அலகு உண்டு, அது தரையில் தத்தி நடக்காது. ஆறுமணிக்குருவி வடக்கே இனப்பெருக்கம் முடித்துப் புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே வருகிறது. இரவில் பறந்து, களைத்துப்போய் நகரத்து வீடுகளின் பின்பக்கத்தில் இறங்கிவிடும். விடியலிலும் சாயங்காலம் ஆறு மணி வாக்கிலும் இரட்டைச் சீழ்க்கை மாதிரி கூப்பிடும், பெயருக்குக் காரணம் அதுதான். அதற்கு வேண்டியது நிழலும் ஈரச் சருகும். மேலே சொன்ன மூலை இருந்தால் ஒரு நாள் தங்க வேண்டியது சில நாள் தங்கக்கூடும்.

பொதுவாக அடையாளம் காண நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். வெயில் படும் கோணத்தில் நிறம் ஏமாற்றும். முதலில் அளவு: சிட்டுக்குருவி 15 செ.மீ., மைனா 23, காக்கா 40க்கு மேல். இந்த மூன்றில் எதற்குப் பக்கம் என்று பாருங்கள். அடுத்து அலகு: பருமனா, ஊசியா, வளைவா. அப்புறம் வால்: தூக்கிவைத்திருக்கிறதா, ஆட்டுகிறதா. கடைசியில்தான் நிறம். உதாரணத்துக்கு முருங்கையடியில் வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரலில் கத்தும் இரண்டு பறவைகள் உண்டு. தலை துருச் சிவப்பு, முதுகு பச்சை, அலகு நீளம் என்றால் தையல்சிட்டு. தலை சாம்பல், கீழே வெளிர் ஆரஞ்சு, பறக்கும்போது சொடக்குப் போடும் சத்தம் என்றால் சாம்பல் கதிர்க்குருவி. மலையை ஒட்டிய வீட்டில் கருஞ்சிட்டும் வரும். உடம்பெல்லாம் கறுப்பு, தோளில் வெள்ளை, தூக்கிய வாலுக்கு அடியில் செங்கல் நிறம். மாசி பங்குனியில் நாள் முழுக்க டுக் டுக் டுக் என்று தட்டுகிற சத்தம் செம்மார்புக் குக்குறுவானுடையது. அது தலையைத் திருப்பித் திருப்பிக் கத்துவதால் எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாது, இலையில்லாத உச்சிக் கிளையைப் பாருங்கள்.

பார்க்கும் நேரம் விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரமும், மாலை நாலரைக்குப் பிறகும். கோடையில் மட்டும் உச்சி வேளையிலும் தண்ணீர்த் தட்டைப் பார்க்கலாம். காலையில் கிழக்குப் பக்கம் உட்கார்ந்து மேற்கே பாருங்கள், வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். அசையாமல் இருப்பது மறைந்திருப்பதைவிட முக்கியம். முதல் பத்து நிமிடம் எதுவும் வராது, பலர் அதற்குள் எழுந்துவிடுகிறார்கள்.

பைனாகுலர் உடனே தேவையில்லை. 15 அடி தூரத்தில் தட்டு இருக்கும்போது வெறும் கண்ணே போதும். வாங்குவதானால் 8க்கு 42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். தோட்டத்துக்கு வாங்கும்போது கடையிலேயே இரண்டு மீட்டர் தூரத்தில் உள்ள எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள், பலவற்றில் தெரியாது. முதலில் வலக்கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, அதே பொருளை வலது கண்வில்லையின் வளையத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். இதை ஒருமுறை செய்தால் அப்புறம் நடுச் சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி போடுபவர் என்றால் ரப்பர் கோப்பைகளைக் கீழே இறக்கிவிட வேண்டும். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் அது சொல்வதைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் எழுதாதீர்கள். தையல்சிட்டும் இரட்டைவால் குருவியும் பல குரலில் கத்திக் குழப்பும். பொங்கலையொட்டி தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் பிப்ரவரியில் நான்கு நாள் உலகளவில் நடக்கும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்புக்கும் 15 நிமிடம் பார்த்த பட்டியல் போதும், காக்கா, புறா உட்பட எண்ணி, பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்டு இணையதளத்தில் ஏற்றுங்கள்.

கோடையில் குஞ்சு தரையில் கிடப்பதைப் பார்ப்பீர்கள். இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்திக்கொண்டிருந்தால் அது தொலைந்த குஞ்சு அல்ல, பறக்கப் பழகும் பருவம். தாய் அருகில்தான் இருக்கும். பூனையை விரட்டிவிட்டு, குஞ்சைப் பக்கத்துப் புதரில் வைத்துவிட்டு விலகிப் போங்கள். இறகே இல்லாதது என்றால் கூட்டில் திருப்பி வைக்கலாம், கை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது உண்மையல்ல. பால் ஊட்டாதீர்கள், அலகில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். எடுத்து வளர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, பச்சைக்கிளிக்கும் சில்லைக்கும் இதே சட்டம்தான். அடிபட்டிருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் சிட்டுக்குருவிப் பெட்டி. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால் துளை பெரியது, முன்னால் உட்காரக் குச்சி இருக்கிறது, மேற்குச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். துளை 32 மி.மீ. இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மற்ற பறவைகளும் அணிலும் புகும். அணில் கொறித்துத் துளையைப் பெரிதாக்காமல் இருக்க அதே அளவு துளையிட்ட தகரத்தை முன்னால் ஆணியடிக்கலாம். குச்சியை எடுத்துவிடுங்கள், அது திருட வருவதற்குத்தான் உதவும். உள்தரை 15க்கு 15 செ.மீ., தரையிலிருந்து துளைக்கு 15 செ.மீ. உயரம், அடியில் நாலு சிறு ஓட்டை. மேற்கு வெயிலில் மரப்பெட்டிக்குள் குஞ்சு வெந்துவிடும், ஆகவே வடக்கு அல்லது கிழக்குப் பார்த்து, கூரைச் சரிவுக்கு அடியில், எட்டிலிருந்து பத்தடி உயரத்தில், மின்விசிறி இல்லாத இடத்தில் மாட்டுங்கள். சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது என்பதால் இரண்டு மூன்றடி இடைவெளியில் இன்னும் இரண்டு பெட்டி சேர்த்தால் வாய்ப்பு கூடும். இரண்டடி அளவுக்குக் காய்ந்த பொடிமண் புழுதிக் குளியலுக்கு இருக்கட்டும். இத்தனையும் செய்தாலும், சிட்டுக்குருவி பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகாத பறவை. உங்கள் தெருவிலும் அடுத்த சில தெருக்களிலும் அது ஏற்கெனவே இல்லையென்றால் பெட்டியை மட்டும் பார்த்து வராது. பழைய பஸ் நிலையம், மளிகை மண்டி, ஓட்டு வீடுகள் உள்ள தெருக்கள் என்று ஒரு வாரம் காலையில் நடந்து, அருகில் எங்கே குரல் கேட்கிறதென்று பார்த்துக்கொண்டு பெட்டியை மாற்றி மாட்டுங்கள்.